‘ரிப்போட்டில் ஒன்றுமில்லை’ என்ற பிறகும் தங்கச்சி மயங்கி விழுகிறாள்

கேள்வி:

டாக்டர் மிஸ், எங்கள் ஊர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். எனக்கு 23 வயது, புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். தங்கச்சிக்கு 15. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். அம்மா குவைத் போய் மூன்று வருடம். இந்த வருடம் வர வேண்டியவர், கடன் முடியவில்லை என்று இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கொண்டார். அப்பா தோட்டத்தில் வேலை. வீட்டில் அம்மாயியும் 7 வயது தம்பியும் இருக்கிறார்கள். அம்மாயிக்குக் கண் மங்கிய பிறகு தங்கச்சிதான் எல்லாம். காலையில் 4 மணிக்கு எழும்பித் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, தம்பியைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டுத்தான் பாடசாலை போவாள். அவ்வளவு பொறுப்பான பிள்ளை. ஐந்து மாதமாக மயங்கி விழுகிறாள். மூச்சு வாங்கும், கைவிரல்கள் கோணி விறைக்கும், கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடப்பாள், கூப்பிட்டால் பேச்சில்லை. பத்து இருபது நிமிடத்தில் எழும்பி அழுவாள். பாடசாலையில் மூன்று தடவை, காலைக் கூட்டத்தில். வீட்டில் அதிகமாக வெள்ளிக்கிழமை இரவு, அம்மா இமோவில் பேசி வைத்த பிறகு. ஆஸ்பத்திரியில் ஈசீஜீ, தலை ஸ்கேன் எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். டீச்சர் நடிப்பு என்கிறார். அம்மாயி, ஆற்றுப் பக்கம் போனதில் முனி அடித்துவிட்டது என்று கோடாங்கி பார்த்துத் தாயத்துக் கட்டியிருக்கிறார். மனநல கிளினிக்குக்குப் போனால் பைத்தியம் என்று பேர் வந்துவிடும், நாளைக்குக் கலியாணம் காட்சி நடக்காது என்று அப்பா பயப்படுகிறார். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பஸ் ஏறினாலே தங்கச்சி வாந்தி எடுப்பாள், அங்கொடை மனநல ஆஸ்பத்திரி வரைக்கும் எப்படிக் கூட்டிப் போவது? அவள் நடிக்கிறாளா, இல்லை இது வருத்தமா? எங்கே போக வேண்டும்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் தங்கச்சி நடிக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியை ஆறுதலாக வாசியுங்கள்.

ஆஸ்பத்திரியில் கேட்ட அந்த ‘ஒன்றுமில்லை’யை நானும் ஒரு காலத்தில் தாராளமாகச் சொன்னவள்தான். வேலைக்கு வந்த புதிதில், ஓபிடியில், இதேபோல மயங்கி விழும் ஒரு பிள்ளையை அவளுடைய அம்மா கூட்டிவந்தார். அரைப் பேரோடு, அதாவது அரை நாள் கூலியோடு, மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய தடம் நெற்றிக்கு மேலே அப்படியே இருந்தது. ரிப்போட்டுகளைப் புரட்டிவிட்டு, “ஒன்றுமில்லை, பயப்படாமல் போங்க” என்றேன். நல்ல செய்தி சொல்லிவிட்ட திருப்தி எனக்கு. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கேட்டைத் தாண்டுவதற்குள் அந்த அம்மா பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். “ஒண்ணுமில்லையாம், கேட்டியா?” மூளையில் கட்டியில்லை, இதயத்தில் பழுதில்லை என்பதை நான் ஒரு சொல்லில் சுருக்கியிருந்தேன். அந்த அம்மாவின் காதில் அது, பிள்ளை பொய் சொல்கிறாள் என்று விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லை யாரிடமும் சொல்வதில்லை.

அம்மாயியைப் பயமுறுத்தியது அந்தக் கோணிய விரல்களாகத்தான் இருக்கும். அதற்குக் காரணம் மூச்சு. பயமோ அழுகையோ நெஞ்சை அடைக்கும்போது மூச்சு வேகமாகிறது. அப்படி மூச்சு இரைத்தால் உடலில் இருக்க வேண்டிய காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியே போய்விடும். இரத்தத்தின் தன்மை மாறும். அதிலுள்ள கல்சியம் நரம்புகளுக்குக் கிடைப்பது குறையும். முதலில் உதடு மரத்துப் போகும், விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், பிறகு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொக்கி மாதிரி வளையும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை சுற்றும். யார் அப்படி மூச்சு விட்டாலும், நீங்களோ நானோ விட்டாலும், கை கோணத்தான் செய்யும். அதற்கு முனியும் வேண்டாம், நடிப்பும் வேண்டாம்.

பேச்சு மூச்சின்றிக் கிடப்பது அதற்கு அடுத்த படி. லயத்து வரிசை வீடுகளில் ஒரே நேரத்தில் ஹீட்டர், அயர்ன், ரைஸ் குக்கர் எல்லாம் போட்டால் டிரிப் சுவிட்ச் விழுகிறதல்லவா? தாங்க முடியாத நேரத்தில் மனமும் தன்னை அப்படி அணைத்துக்கொள்வதுண்டு. அவள் யோசித்துத் திட்டம் போட்டுச் செய்வதில்லை. அவளுக்கே அது கட்டுப்படுவதில்லை. விழுந்த சுவிட்சைப் பார்த்து யாரும் திட்டுவதில்லை. எங்கே லோட் கூடியது என்றுதான் தேடுகிறோம்.

ஆனால் கடிதத்தை வைத்து நோய்க்குப் பேர் வைக்க என்னால் முடியாது, வைக்கவும் கூடாது. தலை ஸ்கேன் சரியாக இருந்தால் மட்டும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. கண்ணை இறுக மூடிக்கொள்வது, அழுகையோடு எழும்புவது, வெள்ளிக்கிழமை என்ற கணக்கு எல்லாம் மனப்பாரத்தின் பக்கம் காட்டுகின்றன. வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்தே இருக்கும், நாக்கின் ஓரம் கடிபடலாம், சிறுநீர் போகலாம், நித்திரையிலும் வரலாம், எழும்பிய பிறகு கொஞ்ச நேரம் ஆளே குழம்பிப்போய் இருப்பார். இரண்டும் ஒரே ஆளுக்கு இருப்பதும் உண்டு. ஆகவே அடுத்த முறை விழும்போது வீட்டில் யாராவது தொலைபேசியில் வீடியோ எடுக்கட்டும். முகமும் கையும் தெரிகிற மாதிரி ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் எங்களுக்கு மூன்று ரிப்போட்டுக்குச் சமம். (டாக்டருக்கு மட்டும்தான்; உறவுக்காரர் குரூப்பில் போட வேண்டாம்.) ஹீமோகுளோபின் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். 4 மணிக்கு எழும்பி, வெறும் சாயத் தேநீரைக் குடித்துவிட்டு, 8 மணி வெயிலில் வரிசையில் நிற்கும் பிள்ளை இரத்தச் சோகையாலும் விழலாம். பாடசாலையில் விழுவது ஒரு வகை, வீட்டில் விழுவது வேறு வகை என்றுகூட இருக்கலாம்.

விழும் நேரத்தில் செய்வது சொற்பம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், அவளுக்குப் பிடித்த ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். கையில் இரும்பு, வாயில் கரண்டி, மூக்கில் வெங்காயம், கன்னத்தில் அறை ஒன்றும் வேண்டாம். உடம்பு வெட்டி இழுப்பது 5 நிமிடத்துக்கு மேல் போனாலோ, அடிபட்டாலோ, நிறம் நீலமாகினாலோ 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயம் வரைக்கும் வண்டி வராத இடமென்றால் எந்தச் சந்தியில் நிற்பது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்ட இடத்தைவிட, கேட்காமல் சாதாரணமாக எழுதிப்போன இரண்டு வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஒன்று, ‘அவ்வளவு பொறுப்பான பிள்ளை’. அண்ணனாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு முன்னால் உள்ள வேலைகளை நான் ஒரு துண்டில் எழுதிப் பார்த்தேன். அது ஒரு குடும்பத் தலைவியின் நாள். அவளுக்கு 15 வயது. ஐந்து மாதத்தில் அவள் தண்ணீர்க் குடத்தைத் தொடாத நாட்கள் எவை என்று அம்மாயியிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மயங்கி விழுந்ததற்கு மறுநாளாகத்தான் இருக்கும். இதைச் சொல்லும்போது எனக்குப் பயமாகவும் இருக்கிறது, ‘அப்படியென்றால் வேலைக்குக் கள்ளம்’ என்று யாராவது முடிச்சுப் போட்டுவிடுவார்களோ என்று. அப்படி இல்லை. ‘என்னால முடியல’ என்று வாயால் சொன்னால் கேட்க ஆளில்லாத வீட்டில், உடம்புதான் சொல்லும்.

இரண்டாவது, வெள்ளிக்கிழமை. குவைத்தில் அன்று விடுமுறை, அம்மாவுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்த அழைப்பை என்னால் ஊகிக்க முடிகிறது. எத்தனையோ பிள்ளைகள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். போன் ஸ்பீக்கரில் இருக்கும். காசு வந்ததா, அடகு நகைக்கு வட்டி கட்டியாச்சா, கூரைத் தகரம் மாற்றியாச்சா என்று அரை மணி நேரம். சின்னவன் பாட்டுப் பாடிக் காட்டுவான். கடைசியில் போன் பெரிய பிள்ளையிடம் வரும். “நல்லாப் படிக்கிறியா? தம்பியப் பாத்துக்க. அம்மா ஒன்ன நம்பித்தான் இருக்கேன்.” “ம்.” லைன் கட்டாகிவிடும். உங்கள் வீட்டில் வேறு மாதிரி நடக்கலாம். ஆனால் மயக்கம் தொடங்கி ஐந்து மாதம் என்கிறீர்கள். அம்மா இரண்டு வருடம் நீட்டிய செய்தி எப்போது வந்தது? அதை யார், எப்படி அவளுக்குச் சொன்னார்கள்? சொன்னார்களா, இல்லை ஸ்பீக்கரில் அவளே கேட்டுக்கொண்டாளா?

இந்த இடத்தில் உடனே ‘தாய் வெளிநாடு போனதால்தான்’ என்று தீர்ப்புச் சொல்ல நம் ஊரில் பத்துப் பேர் வருவார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அப்பா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் ‘பாவம், உழைக்கிறான்’ என்போம். அம்மா போனால் பிள்ளையின் காய்ச்சலுக்குக்கூட அவள்தான் காரணம். உங்கள் அம்மா இந்தக் குடும்பத்துக்காகப் போயிருக்கிறார். அவரைக் குற்றவாளி ஆக்கினால் முதலில் நொறுங்குவது உங்கள் தங்கச்சிதான்.

ஆகவே அம்மாவுக்குச் சொல்லுங்கள். மறைத்து வைப்பதால் காப்பாற்றப்படுவது யார்? ஒவ்வொரு வெள்ளியும் ‘நல்லா இருக்கேன்’ என்று பொய் சொல்லும் வேலையும் அந்தப் பிள்ளையின் தலையில் ஏறியிருக்கிறது. ‘தங்கச்சி மயங்குகிறாள், டாக்டரிடம் காட்டப் போகிறோம், நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது’ என்று நீங்களே தனியாக எடுத்துச் சொல்லுங்கள். செய்ய வேண்டியது இதுதான்: வாரத்தில் ஒரு தடவை 15 நிமிடம், ஸ்பீக்கர் இல்லாமல், தங்கச்சி மட்டும். காசுக் கணக்கு அதில் வரக் கூடாது. லயத்துச் சுவருக்குக் காது அதிகம். இஸ்தோப்புத் திண்ணையில் வேண்டாம், பின்பக்கம் தோட்டத்துக்குப் போய்ப் பேசட்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர் அவள் நம்பும் ஒரு பெண்ணாக இருப்பது நல்லது. அத்தையோ, பெரியம்மா மகளோ, கிளினிக்கில் நாங்களோ. வீட்டிலோ வழியிலோ பாடசாலையிலோ யாராவது அவளைத் தொந்தரவு செய்கிறார்களா, தொடுகிறார்களா, போனில் மிரட்டுகிறார்களா என்று. உங்கள் வீட்டில் ஒருவரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. 15 வயதுப் பிள்ளை திடீரென்று மாறினால் எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் நாங்கள் இதைக் கேட்போம். ஆம் என்றால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்க்கப் போகாதீர்கள். 1929க்கு எடுங்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது. காசில்லை, எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளையே எடுக்கலாம்.

சாவைப் பற்றியும் நேராகக் கேளுங்கள். “உயிரோட இருந்து என்னன்னு தோணுதா? ஏதாவது செஞ்சுக்கலாம்னு நினைச்சிருக்கியா?” கேட்டால் நாமே நினைப்பூட்டிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்க ஓர் ஆள் இருக்கிறாரே என்ற நிம்மதிதான் வரும். தோட்டத்து மருந்து, களைக்கொல்லி, அம்மாயியின் பிரஷர் குளிசை எல்லாவற்றையும் இன்றைக்கே பூட்டி வையுங்கள். தங்கச்சி என்ன பதில் சொன்னாலும் பூட்டுங்கள். 1995இல் இந்த நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. சனங்களின் கவலை அதற்குள் தீர்ந்துவிடவில்லை. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள், கைக்கு எட்டவில்லை, உயிர் தப்பியது. ‘ஆம்’ என்று அவள் சொன்னால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். பொலிஸ் கேஸ் ஆகும் என்ற பயம் வேண்டாம். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டத்தை 1998இலேயே எடுத்துவிட்டார்கள்.

சரி, எங்கே போவது? அங்கொடைக்கு இல்லை. மனநலம் என்றதும் நம் ஆட்கள் நேரே அங்கொடைக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள், மனதுக்குள்ளேயாவது. நூற்றில் ஒரு பிள்ளைக்குக்கூட அந்தப் பயணம் தேவைப்படாது.

உங்களுக்குப் பக்கத்தில் டிக்கோயா ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அதைத் தாண்டினால் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை. ஊவாப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பதுளை. பெரிய வைத்தியசாலைகளில் மனநல விசேட வைத்திய நிபுணரும், அதற்குக் கீழே என்னைப் போல மனநல வைத்திய அதிகாரிகளும் இருப்பார்கள். சிறிய வைத்தியசாலைகளுக்கு மாதத்தில் குறிப்பிட்ட நாளில் நாங்கள் வந்து கிளினிக் நடத்துவதும் உண்டு. எந்த நாள், எத்தனை மணிக்கு நம்பர் கொடுக்கிறார்கள் என்று முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். போயா (பௌர்ணமி) விடுமுறை தினத்தில் போய்த் திரும்பி வந்தவர்கள் ஏராளம். ஓபிடி டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் அலைச்சல் குறையும். பழைய ரிப்போட், ஸ்கேன் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். பிள்ளைகளுக்கென்றே படித்த மனநல நிபுணர்கள் நாட்டில் மிகக் குறைவு. தேவையென்று நாங்கள் நினைத்தால் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவோம். அதுவும் முதல் நாளே இல்லை.

சில வைத்தியசாலைகளில் ‘யொவுன் பியச’ என்று ஒரு பலகை தொங்கும். இளமையின் இல்லம் என்று அர்த்தம். 10 முதல் 24 வயது வரை உள்ளவர்கள் எந்தப் பிரச்சினைக்கும் போகலாம். பேர் சிங்களத்தில் இருப்பதால் நமக்கு இல்லையாக்கும் என்று கடந்து போகும் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார்கள். வீட்டு நிலைமை, பாடசாலை இடைவிலகல் போன்ற காரியங்களுக்கு என்னைவிட அவர்கள்தான் பயன். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் 1926. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். புறக்கோட்டையில் இருந்துகொண்டு நீங்களே முதலில் எடுத்துப் பேசிப் பாருங்கள். உங்கள் குரலிலும் களைப்பு இருக்கிறது, தம்பி.

பாஷை விஷயம் சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்த டாக்டர் இல்லாத கிளினிக்கும் உண்டு. அப்போது தயவுசெய்து தங்கச்சியின் வகுப்புத் தோழியையோ அடுத்த லயத்துக்காரரையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவர்கள் முன்னால் அவள் வாய் திறக்கமாட்டாள். தமிழ் தெரிந்த தாதியோ உத்தியோகத்தரோ வேண்டும் என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. நம் பிள்ளைகள் பேசுவதை அப்படியே சிங்களத்துக்கு மாற்றினால் என்ன ஆகும் தெரியுமா? “நெஞ்ச அடைக்குது” என்று ஒரு பிள்ளை சொன்னாள். கூட வந்தவர் அதை நெஞ்சு வலி என்று மாற்றிச் சொல்ல, அவளுக்கு ஈசீஜீ எடுத்துச் சரி என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு தடவை. அவள் சொன்னது அழுகையை.

அப்பாவின் பயத்துக்கு வருகிறேன். முதல் நாள் என்ன நடக்கும் என்று சொன்னால் பாதி பயம் போய்விடும். கிளினிக் கொப்பி போடுவார்கள். உங்களோடு கொஞ்ச நேரம் பேசுவோம். பிறகு உங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தங்கச்சியோடு தனியாகப் பேசுவோம். முதல் தடவை பல பிள்ளைகள் பேசவே மாட்டார்கள். மேசையில் உள்ள பேனையைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார்கள். பரவாயில்லை, அதுவும் எங்களுக்குப் பேச்சுத்தான். அவள் சொன்னதை உங்களிடம் ஒப்பிக்கமாட்டோம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுச் சொல்வோம். மூச்சை ஆற்றும் பயிற்சி சொல்லித் தருவோம். மயக்கம் வரப் போகிறது என்பதை உடம்பு முன்கூட்டியே காட்டும் இடம் எது, உதடா, விரலா, வயிறா என்று அவளோடு சேர்ந்து தேடுவோம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் விழுவதற்கு முன்னால் உட்காரலாம், பிறகு உட்காராமலே சமாளிக்கலாம். குளிசை எல்லோருக்கும் தேவையில்லை. கடும் மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் யோசிப்போம். ஒவ்வொரு மயக்கத்துக்கும் நித்திரை ஊசி போடச் சொல்லி நிற்காதீர்கள். கரண்ட் பிடிப்பது, கட்டிப் போடுவது என்று படத்தில் பார்த்த எதுவும் இதற்கு நடக்காது.

கொப்பி உங்கள் வீட்டில் இருக்கும், மருத்துவக் கோவை (ஃபைல்) ஆஸ்பத்திரியில் இருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கோ பாடசாலைக்கோ நாங்கள் அனுப்புவதில்லை. அட்டையில் உள்ள பேர் உறுத்தினால் ஒரு பிறவுண் பேப்பர் உறை போடுங்கள். என் கிளினிக்கில் முக்கால்வாசிக் கொப்பிகள் அப்படித்தான் வருகின்றன. ‘சின்னப் பிள்ளைக்கு என்ன மனசு’ என்று அப்பா கேட்டால், மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்னாலேயே, பாதி 18 வயதுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைச் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால், பாடசாலை மைதானத்தில் நூறு பேருக்கு முன்னால் மாதாமாதம் விழுவதைவிடவா கிளினிக் பேர் கெடுக்கும் என்று கேளுங்கள்.

அம்மாயியோடு சண்டை வேண்டாம். தாயத்து இருக்கட்டும், அது மருந்துக்குக் குறுக்கே நிற்காது. வேப்பிலையால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது மட்டும் கூடாது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: கோடாங்கி வீட்டுக்கு வருகிறார், இரவு முழுக்க உட்கார்ந்து உடுக்கடிக்கிறார், குடும்பமே அந்தப் பிள்ளையைச் சுற்றி இருக்கிறது. எங்கள் கிளினிக்கில் வரிசை நீளம், ஒரு ஆளுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அந்த ஓர் இரவாவது எல்லோரும் அவளைப் பார்த்தார்களே.

பாடசாலையில் அந்த டீச்சரிடம் வாதாடப் போகாதீர்கள். அதிபரையும் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரையும் பாருங்கள். கிளினிக்கில் ஒரு கடிதம் கேட்டால் தருவோம். கூட்டத்தில் ஓரமாக நிற்கவோ உட்காரவோ விட வேண்டும். விழுந்தால் 15 நிமிடம் ஓய்வு, பிறகு திரும்ப வகுப்பு. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு அனுப்பினால் பாடசாலையே பயமாகிவிடும். சட்டப்படி 16 வயது வரை பாடசாலையில் இருக்க வேண்டியவள். ‘உடம்பு சரியில்லை, நிற்பாட்டிடுவோம்’ என்று வீட்டில் யாரும் தொடங்க வேண்டாம்.

மழையைப் பற்றியும் கேட்டு வையுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்தது முதல் 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தது வரை, இரவு மழைச் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கும் பிள்ளைகள் மலையகம் முழுக்க இருக்கிறார்கள். அவளும் அப்படியென்றால் எனக்கு அது தெரிய வேண்டும்.

கிளினிக் நாள் வருவதற்கு முன்னால், இந்த வாரமே, ஒரு காரியம். தண்ணீர். காலைத் தண்ணீரை அப்பா பிடிக்கட்டும். வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் போவதற்கு முன் நாலு குடம், முடியாத வேலை இல்லை. ரொட்டியும் சம்பலும் இரவே செய்து வைக்கலாம். அவள் 5:30 வரைக்கும் தூங்கட்டும். மருந்து என்று எழுதினால்தான் அப்பா கேட்பார் என்றால், இதை மருந்து என்றே நான் எழுதித் தருகிறேன்.

நீங்கள் கடையில் இரண்டு நாள் லீவு சொல்லுங்கள். அப்பாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது கூலி, போவது பெரிய இழப்பு, அம்மாயியால் படி ஏற முடியாது. அவளை அழைத்துப்போக நீங்கள்தான் சரி. ஒரு சின்னக் கொப்பியில் திகதி, நேரம், அதற்கு முன் என்ன நடந்தது என்ற மூன்றையும் அவளையே எழுதச் சொல்லுங்கள். விடியற்காலை முதல் பஸ்ஸில் முன் சீட், ஜன்னல் பக்கம் அவளுக்கு. வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள். ஒரு துண்டு ரொட்டியும் இஞ்சித் துண்டும் போதும். ஒரு சிலிசிலி (பொலித்தீன்) பையும் எலுமிச்சம்பழமும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், அவள் கேட்கும்வரை வெளியே எடுக்க வேண்டாம்.